விதை வீட்டில் இருக்கட்டும்: உலாவியில் எழுதியதைக் கோப்பாகச் சேமிப்பதும் மீண்டும் ஏற்றுவதும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அடுத்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் எருத்தேன்பதி. கொச்சி சமஸ்தானத்தோடு இருந்த சித்தூர் தாலுகா, 1956 நவம்பர் 1 முதல் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ் என்பது எங்கள் பக்கத்தில் பழகிப்போன நடைமுறை. அந்தத் தமிழும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கொங்குத் தமிழ்தான். விருந்தாளியை "ஒறம்பரை" என்போம். தோட்டத்து வீடு "சாளை". பரண் "அட்டாலி". பாத்திரம் "போசி". சாயங்காலம் "பொழுதோட".

வெளியூரில் வாழும் நமக்கு இத்தகைய சொற்கள் மெல்ல மெல்லக் கைநழுவுகின்றன என்பது சங்கத்து அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. ஆகவே என் அக்கா மகனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அம்மிச்சி பேசப் பேச, காதில் விழும் பழைய சொற்களை எழுதிவைக்க வேண்டும். அதற்காக நானே சிறியதொரு இணையப் பக்கம் செய்து அனுப்பினேன். போனில் அதைத் திறந்து, சொல், பொருள், யார் சொன்னது என்று மூன்று கட்டங்களை நிரப்பினால் போதும். பையன் ஆறேழு மாதத்தில் முந்நூறுக்கு மேல் சொற்களைச் சேர்த்துவிட்டான்.

ஒருநாள் போன் வந்தது. "மாமா, போனு ஸ்லோவா இருக்குதுன்னு ஒரு கடையில குடுத்தேனுங்க. எல்லாத்தையும் க்ளீன் பண்ணிக் குடுத்தாங்க. இப்ப நம்ம பக்கத்தத் தொறந்தா ஒண்ணுமே இல்லீங்க."

தவறு கடைக்காரருடையதும் அல்ல, பையனுடையதும் அல்ல. என்னுடையது. நான் செய்த பக்கம் சொற்களை உலாவிக்குள் மட்டும் வைத்திருந்தது. வெளியே எடுக்க ஒரு வழியும் வைக்கவில்லை. அந்த வழி எது, அதை எப்படி அமைப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுதோறும் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தெரிந்தால் போதுமானது.

உலாவி ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது?

இணையப் பக்கத்துக்கு உயிர் கொடுக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதனை முதன்முதலில் உருவாக்கினார். பட்டன், கட்டம், கணக்கு, படம் என்று பக்கத்துக்குள் எதையும் செய்யவல்ல இம்மொழிக்கு, தொடக்கம் முதலே ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் கணினியில் உள்ள கோப்புகளை அது தன் இஷ்டத்துக்குத் திறக்கவோ எழுதவோ கூடாது.

காரணம் எளிது. ஒரு நாளில் நாம் முன்பின் தெரியாத பல பக்கங்களைத் திறக்கிறோம். ஒவ்வொன்றும் நம் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றால் என்ன ஆகும்? 2000 மே மாதம் உலகையே உலுக்கிய "ஐ லவ் யூ" வைரஸ் நினைவிருக்கலாம். அது மின்னஞ்சலோடு வந்த ஒரு சிறு நிரல்தான். உலாவி வழியாக வந்ததன்று. ஆனால் கோப்புகளைத் தொடும் உரிமை அதற்கு இருந்ததால், எத்தனையோ பேருடைய படங்களின் மேல் தன்னையே எழுதி அழித்துவிட்டது. தெரியாத நிரலுக்குக் கோப்பு உரிமை கொடுத்தால் விளையக்கூடியது இதுதான்.

ஆக, உலாவி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நம் நன்மைக்கே. ஆனால் அதே கட்டுப்பாடு நம் நல்ல பக்கங்களுக்கும் சேர்த்துத்தான். கணினித் தமிழின் தொடக்க காலத்தில் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் எழுத்துருமாற்றியைப் பயன்படுத்தியவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். பாமினி, டிஸ்கி போன்ற பழைய முறைகளில் இருந்த எழுத்தை ஒரு கட்டத்தில் ஒட்டினால், அடுத்த கட்டத்தில் யூனிகோடாக வந்து நிற்கும். வேலை முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டே செய்தது. ஆனால் வந்ததை நாம்தான் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டி, பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். பக்கம் கோப்பைத் தொடாது.

உலாவிக்குள் இருக்கும் சிறு அலமாரி

கோப்பைத் தொட முடியாவிட்டாலும், உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தனக்குள்ளேயே சிறிது இடம் ஒதுக்கித் தருகிறது. முதலில் வந்தது 1994-இல் தோன்றிய குக்கி. ஒரு குக்கியில் ஏறத்தாழ 4 கேபி மட்டுமே அடங்கும். பின்னர் 2009 வாக்கில் முக்கிய உலாவிகளில் லோக்கல் ஸ்டோரேஜ் பரவலாயிற்று. பொதுவாக இதில் 5 எம்பி அளவுக்கு எழுத்தாக வைக்கலாம். இன்னும் அதிகம் வேண்டுவோர்க்கு இன்டெக்ஸ்டு டிபி என்ற தரவுத்தளமும் உண்டு.

நான் பயன்படுத்தியது லோக்கல் ஸ்டோரேஜ். இது வசதியானதுதான். பக்கத்தை மூடித் திறந்தாலும், போனை அணைத்துப் போட்டாலும் எழுதியது இருக்கும். இருப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

இந்த அலமாரி உலாவியின் வீட்டில் இருக்கிறது. நம் வீட்டில் இல்லை. "தளத் தரவை அழி" என்று ஒரு பட்டனைத் தட்டினால் காலி. போனை மாற்றினால் கூட வராது. குரோமில் எழுதியது ஃபயர்பாக்ஸில் தெரியாது. இன்காக்னிட்டோ சாளரத்தில் எழுதினால், சாளரத்தை மூடியதும் போய்விடும். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் ஒரு விதி கொண்டுவந்தது: உலாவியைப் பயன்படுத்தும் ஏழு நாட்களுக்குள் ஒரு தளத்தின் பக்கம் போய்த் தொடாமலே இருந்தால், அத்தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்து வைத்ததை உலாவி தானே நீக்கிவிடும். விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்கவே இவ்விதி. ஆனால் பரீட்சைக்காகப் பத்து நாள் சொல் சேர்க்காமல் இருக்கும் பையனுக்கும் அதே விதிதான்.

எனவே உலாவியின் அலமாரியைக் கைவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரத்துக்குக் கோப்பு வேண்டும்.

கோப்பாக வெளியே எடுப்பது எப்படி?

கட்டுப்பாட்டை உடைக்காமலே இதற்கு ஒரு நேர்வழி உண்டு. பக்கம் தானாகக் கோப்பை எழுதாது. நம் முன்னே "இறக்கிக்கொள்ளுங்கள்" என்று நீட்டும். நாம் பட்டனைத் தட்டினால் உலாவி வாங்கி டவுன்லோட்ஸ் கோப்புறையில் வைக்கும். நாம் படம் இறக்கிக்கொள்வது போலத்தான். வேறுபாடு என்னவென்றால், இந்தக் கோப்பு எந்த சர்வரிலிருந்தும் வரவில்லை. நம் போனிலேயே அப்போதே உருவானது. நெட் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

நிரலில் படிகள் இவ்வாறு அமையும்.

முதலாவது, சேர்த்த சொற்கள் எல்லாவற்றையும் ஒரே எழுத்துத் தொடராக மாற்ற வேண்டும். இதற்கு ஜேசன் என்னும் முறை ஏற்றது. ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை என்ற ஒரே கட்டளை இதைச் செய்துவிடும். வெளிவரும் கோப்பை நோட்பேடில் திறந்தாலும் மனிதர் படிக்கலாம். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

{ "சொல்": "ஒறம்பரை", "பொருள்": "விருந்தாளி, உறவினர்", "சொன்னவர்": "அம்மிச்சி" }

அட, தமிழிலேயே இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். ஜேசனில் கட்டங்களின் பெயரையும் தமிழில் வைக்கலாம், தடை ஒன்றுமில்லை.

இரண்டாவது, அந்த எழுத்தை ப்ளாப் என்னும் உறைக்குள் இட வேண்டும். ப்ளாப் என்பது "இது ஒரு கோப்பின் உள்ளடக்கம், இன்ன வகை" என்று உலாவிக்குச் சொல்லும் பொதி.

மூன்றாவது, கிரியேட் ஆப்ஜெக்ட் யூஆர்எல் என்ற கட்டளையால் அந்த உறைக்கு ஒரு தற்காலிக முகவரி வாங்க வேண்டும்.

நான்காவது, அம்முகவரியைச் சுட்டும் ஓர் இணைப்பை உருவாக்கி, அதற்கு டவுன்லோட் என்ற பண்பைக் கொடுத்து, கோப்பின் பெயரையும் குறித்து, நிரலே அதைச் சொடுக்கும்படி செய்ய வேண்டும். இப்பண்பு குரோமில் 2011-லும், ஃபயர்பாக்ஸில் 2013-லும், சஃபாரியில் 2017-லும் வந்தது. இன்றைய உலாவிகள் அனைத்திலும் உண்டு.

ஐந்தாவது, சிறிது நேரம் விட்டுத் தற்காலிக முகவரியை விடுவிக்க வேண்டும். உடனே விடுவித்தால் சில சமயம் இறக்கமே தடைப்படும்.

இவ்வளவுதான். பத்துப் பதினைந்து வரிக்குள் அடங்கிவிடும். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்ப்பது நல்லது. எது புதியது, எது பழையது என்ற குழப்பம் வராது.

திரும்ப ஏற்றுவது எப்படி?

வெளியே எடுத்தது திரும்ப உள்ளே போகாவிட்டால் பாதிப் பயன்தான். இங்கும் அதே ஒழுங்கு: பக்கம் தானாகக் கோப்பைத் தேடாது, நாம் தேர்ந்து கொடுத்தால் மட்டும் படிக்கும். ஃபைல் வகை இன்புட் என்ற கட்டத்தை வைத்தால், "கோப்பைத் தேர்ந்தெடு" என்று ஒரு பட்டன் தோன்றும். நாம் காட்டிய அந்த ஒரு கோப்பை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கலாம். பக்கத்திலிருக்கும் கோப்பைப் பார்க்க முடியாது. கோப்பு நம் கணினியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முழு வழியைக்கூட உலாவி அதற்குச் சொல்லாது.

படிப்பதற்கு ஃபைல் ரீடர் என்ற கருவி உண்டு. ஃபயர்பாக்ஸில் இது 2010 முதல் இருக்கிறது. இன்றைய உலாவிகளில் டெக்ஸ்ட் என்ற எளிய கட்டளையே போதும். வந்த எழுத்தை ஜேசன்.பார்ஸ் கொண்டு மீண்டும் பட்டியலாக்க வேண்டும். இங்கே நான்கு எச்சரிக்கைகள்.

ஒன்று, யாராவது தவறிப்போய் வேறு கோப்பைக் கொடுத்தால் பார்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். அதைப் பிடித்து, "இது சொல் கோப்பு இல்லீங்க" என்று தெளிவாகச் சொல்ல வைக்க வேண்டும். கோப்புக்குள் ஒரு பதிப்பு எண் இருந்தால் பின்னாளில் கட்டங்களை மாற்றினாலும் பழைய கோப்பை அடையாளம் காணலாம்.

இரண்டு, ஏற்றும்போது இருப்பதை அழித்துவிட்டுப் போடாமல், இருப்பதோடு சேர்க்க வேண்டும். பழைய கோப்பை ஏற்றிப் புதிய வேலையை இழந்தவர்கள் பலர்.

மூன்று, கோப்பில் வந்ததை எழுத்தாக மட்டுமே திரையில் காட்ட வேண்டும். இன்னர் எச்டிஎம்எல் வழியாகக் காட்டினால், வேறொருவர் அனுப்பிய கோப்பில் ஒளிந்திருக்கும் நிரலும் ஓடக்கூடும். டெக்ஸ்ட் கன்டென்ட் வழியே பாதுகாப்பானது.

நான்கு, ஒருமுறை தேர்ந்த அதே கோப்பை மறுபடி தேர்ந்தால் உலாவி "மாற்றம் இல்லை" என்று சும்மா இருந்துவிடும். ஒவ்வொரு முறையும் கட்டத்தின் மதிப்பை வெறுமையாக்கிவிட்டால் இத்தொல்லை இராது.

பென்டிரைவில் பக்கத்தை வைத்து, நேராக இரட்டைச் சொடுக்கில் திறப்போருக்கும் ஒரு வார்த்தை. மேற்சொன்ன சேமிப்பும் ஏற்றலும் அப்படித் திறந்தாலும் நடக்கும். ஆனால் அதே பென்டிரைவில் உள்ள தரவுக் கோப்பைப் பக்கம் தானாகவே எடுத்துப் படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குரோம் முன்பே அதைத் தடுத்திருந்தது. ஃபயர்பாக்ஸும் 2019-இல் தடுத்துவிட்டது. நாம்தான் கையால் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய சில சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இவ்வளவோடு முடிந்தது. நமக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எருத்தேன்பதி என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு ஆதலால் பன்னிரண்டு. யூடிஎஃப் 8 முறையில் கோப்பாக எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு வீதம் 36 பைட்டு. ஆகையால் இத்தனை எழுத்துக்குள் என்று அளவு வைக்கும் நிரல், நாம் நினைத்ததற்கு முன்பே தமிழ்ச் சொல்லை வெட்டிவிடலாம்.

அடுத்தது, "போசி" என்ற சொல். "போ" என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறுவேறு. அக்கா வீட்டுப் போனில் ஒரு கீபோர்டு, நம் கணினியில் வேறு கீபோர்டு என்றால், இரண்டு கோப்புகளைச் சேர்க்கும்போது "போசி" இரண்டு முறை வந்து உட்காரும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நார்மலைஸ் என்ற கட்டளையை, என்எஃப்சி என்ற முறையைக் குறிப்பிட்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் பயன்படுத்தினால் இரண்டும் ஒரே வடிவமாகிவிடும்.

மூன்றாவது, எக்செல். சங்கத்து உறுப்பினர் பட்டியல், மொய்க்கணக்கு முதலியவற்றைக் காற்புள்ளி பிரித்த சிஎஸ்வி கோப்பாகக் கேட்பவர்கள் உண்டு. அதை எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கோப்பின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துச் சேமித்தால், இது யூனிகோடு என்று எக்செல் புரிந்துகொள்ளும்.

தன்னைத்தானே சேமிக்கும் பக்கம்

பக்கமும் தரவும் ஒரே கோப்பாக இருந்தால் இன்னும் எளிதல்லவா? 2004-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமி ரஸ்டன் வெளியிட்ட டிட்லிவிக்கி அப்படிப்பட்டது. குறிப்பேடு முழுவதும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. அந்நாளைய ஃபயர்பாக்ஸ், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இரண்டிலும் இருந்த சிறப்பு உரிமைகளைக் கொண்டு அது தன் கோப்பின் மேலேயே தன்னை எழுதிக்கொண்டது. பாதுகாப்பை முன்னிட்டு அவ்வுரிமைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 பழைய வகைத் துணைநிரல்களை நிறுத்தியபோது, டிட்லிவிக்கி சேமிக்கப் பலர் நம்பியிருந்த துணைநிரலும் நின்றது. ஆனாலும் எழுதியது யாருக்கும் போகவில்லை. கோப்பு அவரவர் கையில் இருந்தது. சேமிக்கும் வழியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். டிட்லிவிக்கி இன்றும் உயிரோடு இருக்கிறது.

2020 அக்டோபரில் குரோம் 86, கோப்பு அணுக்கத்துக்குப் புதிய வாசல் ஒன்றைத் திறந்தது. பயனர் ஒருமுறை அனுமதி கொடுத்தால், பக்கம் அதே கோப்பில் நேராகத் திரும்பத் திரும்ப எழுதலாம். டவுன்லோட்ஸில் பத்துப் பிரதி குவியாது. வசதிதான். ஆனால் ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இந்த வாசலை நமக்குத் திறக்கவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே உலாவி இருக்காது ஆதலால், பழைய இறக்கும் முறையையே அடிப்படையாக வைத்து, இதனைக் கூடுதல் வசதியாக மட்டும் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

விதையும் கோப்பும்

எங்கள் ஊரில் கேரள வேளாண்மைத் துறையின் விதைப் பண்ணை ஒன்று இருக்கிறது. அரசு பண்ணை இருந்தும், அடுத்த வெள்ளாமைக்கு என்று கொஞ்சம் விதையை வீட்டிலும் எடுத்துவைப்பது விவசாயியின் வழக்கம். தரவுக்கும் அந்த வழக்கமே பொருந்தும்.

யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அதில் பக்கம் வைத்திருந்து பிரதி எடுக்காதவர்கள் எழுதியதை இழந்தார்கள். மறுபுறம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் தட்டச்சு செய்த நூல்கள் முதலில் பழைய எழுத்துமுறைகளிலும், பின்பு டிஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் என்று சட்டை மாற்றிக்கொண்டே வந்தன. எளிய கோப்புகளாக, யாரும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி இருந்ததால்தான் இது கூடிற்று.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சேதி கேட்டு அம்மா வருத்தப்படவில்லை. "போனாப் போகுது சாமி, நான் எங்கியாவது போயிட்டனா? மறுக்காச் சொல்றேன், எழுதிக்க" என்றார். பையன் மறுபடி உட்கார்ந்தான். எளிய சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் சொல் என்பது கேட்டால் வருவதல்ல. வேலையின் நடுவே வாயில் வருவது. முதல் தடவை மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் தேங்காய் உரிக்கும்போதும் தானாக விழுந்த சொற்களில் பல, இரண்டாம் தடவை வரவில்லை. "என்னமோ சொன்னனே..." என்று அம்மா யோசிப்பதோடு சரி. இழந்தது எது என்றுகூட எங்களால் பட்டியல் போட முடியாது.

இப்போது அப்பக்கத்தில் "சேமி" என்றும் "ஏற்று" என்றும் இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. பத்துச் சொல் சேர்ந்துவிட்டால் பக்கமே நினைவூட்டும். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட பையன் கோப்பை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நான் புனேயில் என் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி வைக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை காகிதத்தில் அச்செடுத்து அக்கா வீட்டு அட்டாலியில் போடுவதாகத் திட்டம்.

உங்கள் வீட்டிலும் வம்சாவளியோ, ஆச்சியின் கைமருந்துக் குறிப்போ, குலதெய்வக் கோயில் கணக்கோ ஏதாவது ஒரு பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். அதைச் செய்து கொடுத்த பிள்ளையிடம் இன்றைக்கே கேளுங்கள்: "கண்ணு, இதைக் கோப்பா வெளியே எடுக்க முடியுமா? எடுத்ததைத் திரும்பப் போட முடியுமா?" இரண்டுக்கும் ஆம் என்று சொன்னால், சொன்னதோடு விடாமல் வேறொரு போனில் ஒருமுறை ஏற்றியும் பாருங்கள்.